மஸ்கட்டுக்குக் கொண்டுபோன மனு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நானும் எழுதிப் பிழைக்கிறவன்தான், ஆனால் இந்த மாதிரி எழுத்து எனக்குப் பழக்கமில்லை. தாம்பரம் தாலுகா அலுவலகத்துக்கு எதிரில், ஜெராக்ஸ் கடையின் நிழலில் மடக்கு மேசை போட்டு இருபத்தாறு வருடமாக மனு எழுதுகிறேன். பட்டா பெயர் மாற்றம், வாரிசுச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை, பக்கத்து வீட்டுக் கழிவுநீர். படிப்பு பத்தாம் வகுப்பு. மனுவில் ஒரு வசதி, முதல் வரியும் கடைசி வரியும் ஏற்கெனவே இருக்கும். நடந்ததை நடுவில் எழுதினால் போதும். இங்கே எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. எங்கள் பகுதி நூலகத்தில் வாசகர் வட்டம் நடத்தும் சார், வெளிநாடு போய்வந்ததை எழுதிக் கொடுங்கள் என்று மூன்று மாதமாகக் கேட்கிறார். ஒருவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல எனக்கு வராது. அதனால்தான் இது.

போன காரணத்தைச் சொல்ல வேண்டும். என் தங்கை ஜெயா ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கிறாள். ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். அவள் கணவர் தேவதாஸ் சரக்குக் கப்பலில் சமையல்காரர். அவருடைய கப்பல் பதினான்கு மாதமாக ஒரு துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. அந்த நாட்டில் போர். துறைமுகத்துக்கு வெளியே கடலில் கண்ணிவெடி போட்டிருந்தார்கள். எந்த நாடு, எந்தத் துறைமுகம் என்று எழுத வேண்டாம் என்று ஜெயா சொல்லிவிட்டாள். அங்கே இன்னும் நம் ஊர் ஆட்கள் இருக்கிறார்கள்.

போர் நடப்பது அந்த நாட்டில். அதை நிறுத்துவதைப் பற்றிப் பேசப் போனவை, அந்தச் சண்டையில் ஆளுக்கொரு பக்கம் நிற்கும் வேறு இரண்டு பெரிய நாடுகள். மஸ்கட்டில் ஒரு ஓட்டலில் வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாள் பேச்சு. இது எனக்கு அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை. எங்கள் மேசைக்கு வருகிற நிலத்தகராறில் சர்வே நம்பருக்கு உரியவர் இல்லாமல் பேச முடியாது.

அந்த வாரம் கப்பலுக்கு ஒரு செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை துறைமுகத்திலிருந்து எல்லை வரை ஒரு பஸ் விடுவார்கள், விரும்பும் மாலுமிகள் ஏறிக்கொள்ளலாம், அதற்குப் பிறகு பஸ் கிடையாது. பஸ் போகும் சாலையில் குண்டு விழுகிறது. பேச்சு நல்லபடியாக முடிந்தால் கப்பலே கிளம்பிவிடும், அந்தச் சாலையில் போகவே வேண்டாம். முடியாவிட்டால் அந்தப் பஸ்தான் கடைசி வழி. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் கேப்டனிடம் பெயர் கொடுக்க வேண்டும்.

மாப்பிள்ளை போனில் ஜெயாவிடம், "எனக்கு ஒண்ணும் புரியல. இங்க ஒருத்தன் ஒரு மாதிரி சொல்றான், இன்னொருத்தன் வேற மாதிரி சொல்றான். ஏறவா, இருக்கவா, நீ சொல்லு. அப்படியே செய்றேன்" என்றார்.

ஜெயா அன்று சாயங்காலம் நேராக என் மேசைக்கு வந்தாள். "அண்ணா, மஸ்கட் போறோம். நீ மனு எழுது, நான் கொடுக்கறேன்."

"அங்கேயா? அதெல்லாம் பெரிய இடம், ஜெயா."

"போன்ல கேட்டா எவன் பதில் சொல்றான்? நேர்ல போய் நின்னாதான் ஃபைல் நகரும்னு ஊருக்கெல்லாம் நீதானே சொல்ற. மனு கொடுக்கலாம். குடுக்கும்போதே பேச்சு எப்படிப் போகுதுன்னும் பார்த்துடலாம்."

என்னிடம் பாஸ்போர்ட் இருந்ததே, ஒரு தடவை மாப்பிள்ளை எடுக்கச் சொன்னதால்தான். எடுத்துப் பார்த்ததோடு சரி. எப்படி விசா வந்தது, எப்படிப் போனோம் என்பதை விட்டுவிடுகிறேன்.

புதன்கிழமை மாலை இறங்கினோம். மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் பாபு விமான நிலையத்துக்கு வந்திருந்தான். கீழ்க்கட்டளைக்காரன், நாற்பது வயது. மஸ்கட்டில் ஓட்டல்களின் துணி வெளுக்கும் கம்பெனியில் வேன் ஓட்டுகிறான். அவன் மனைவி பிரசவத்துக்கு ஊருக்கு வந்திருந்ததால் ரூவி என்ற இடத்தில் அவன் வீடு காலியாக இருந்தது. வேனில் முன்னால் டிரைவர் சீட்டைத் தவிர ஒரு சீட்தான். ஜெயா அதில் உட்கார்ந்தாள். நான் பின்னால் சலவை செய்த படுக்கை விரிப்புகள் மேல் உட்கார்ந்து மஸ்கட் நகருக்குள் போனேன். பின்பக்கம் ஜன்னல் இல்லை. பாபு ஒவ்வொரு திருப்பத்திலும் என்ன தெரிகிறது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தான்.

"ரைட் சைடுல மலை கீது அண்ணா. லெஃப்டுலயும் மலைதான் கீது."

மறுநாள் காலையில் கண்ணால் பார்த்தேன். திரிசூலத்தில் கல் உடைத்த மலை இருக்கிறதே, அந்த நிறம். ஒரு செடி கிடையாது. ஆனால் யாரும் உடைக்கவில்லை, அப்படியே இருக்கிறது. அதன் கீழே எல்லாக் கட்டிடமும் வெள்ளை. சாலையில் ஹாரன் சத்தமே இல்லை. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் வளர்ந்த காதுக்கு ஏதோ கெட்டது நடந்துவிட்ட மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை நாங்கள் இருவரும் அந்த ஓட்டலுக்குப் போனோம். எதிர்ப்பக்கம் இறங்கி, வெள்ளைக் கோடு போட்ட இடத்தில் சாலையைக் கடக்க நின்றேன். ஒரு பெரிய கார் வந்து எனக்காக நின்றது. எனக்காகக் கார் நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் போங்கள் என்று கை காட்டினேன். அவர் நீங்கள் போங்கள் என்று கை காட்டினார். நான் மறுபடி காட்டினேன். பின்னால் ஆறு கார்கள் நின்றுவிட்டன, ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. ஜெயா என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஓட்டல் வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். அதில் ஒரு அதிகாரி இருந்தார். வெள்ளை அங்கி, பூவேலை செய்த தொப்பி, ரொம்ப மரியாதையான ஆள். உட்காரச் சொல்லி, பேரீச்சம்பழத் தட்டை முன்னால் வைத்தார். கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணத்தில் காபி ஊற்றினார். பால் இல்லாத காபி, ஏலக்காய் வாசனை. குடித்து முடித்ததும் மறுபடி ஊற்றினார். வேண்டாம் என்றால் மனுவுக்குக் கேடு வருமோ என்று பயந்து அதையும் குடித்தேன். இப்படி ஒன்பது கிண்ணம். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும் என்று பாபு அப்புறம்தான் சொன்னான்.

ஜெயா ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். கப்பல், கண்ணிவெடி, ஞாயிற்றுக்கிழமை பஸ். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு சொன்னதை ஜெயா எனக்குத் தமிழில் சொன்னாள்.

"இங்கே அலுவலகம் எதுவும் இல்லை. விருந்தாளிகள்தான் இருக்கிறார்கள். விருந்தாளிகளிடம் நாங்கள் மனு கொடுக்க விட முடியாது. மன்னிக்கவும்."

"அப்போ யார்கிட்ட கொடுக்கறது?" என்று ஜெயா கேட்டாள்.

"அவர்களுடைய நாட்டுத் தூதரகங்களில் கொடுக்கலாம்."

"எந்த நாட்டுதுல?"

"இரண்டிலும்."

"சண்டை நடக்கிற நாட்டோட தூதரகம்?"

"அவர்கள் இந்தப் பேச்சில் இல்லை" என்றார். எனக்குப் பத்தாவது கிண்ணம் ஊற்றினார்.

இரண்டு தூதரகங்களும் மூன்று நாள் மூடியிருந்தன. எல்லோரும் ஓட்டலுக்குள் இருந்தார்கள்.

பாபு தினமும் காலையில் அந்த ஓட்டலின் பின்வாசலுக்குத் துணி கொண்டுபோகிறவன். அன்று மாலை ஒரு மலையாளி கடையில் டீயும் பரோட்டாவும் சாப்பிடும்போது உள்ளே நடப்பதைச் சொன்னான். அந்த ஊர்ப் பரோட்டாவுக்குள் சீஸைத் தடவி, உருளைக்கிழங்கு சிப்ஸை நொறுக்கிப் போட்டுச் சுருட்டித் தருகிறார்கள். பரோட்டாவுக்குள் சிப்ஸ் ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

"இன்னிக்கு காலீல ஒன்றரை மணி நேரம் பேச்சே ஸ்டார்ட் ஆவல அண்ணி. இன்னான்னு கேளு. ஒரு நாட்டுக் கொடி ரெண்டு விரக்கடை ஒசரமா கீதாம்."

"அதுக்கா ஒன்றரை மணி நேரம்?"

"கொடிக் கம்பத்த அறுத்தாங்கோ. அறுத்தா இப்ப இது குள்ளமாப் பூடுச்சி. அப்பால அதையும் அறுத்தாங்கோ. மத்தியானம் பாத்தா ரெண்டு கொடியும் பென்சில் மாரி கீது."

ஜெயா சிரிக்கவில்லை. "அப்புறம் பேசினாங்களா?"

"பேசினாங்க. சாப்பாட்டுக்கு வரசொல்லோ யாரும் யார்கூடயும் பேசல. ஆனா நாப்கின் நெறைய அழுக்கு. நல்லாத்தான் சாப்ட்டுகினு கீறாங்க."

அது நல்ல சகுனமா என்று அவனிடமே கேட்டேன். "எனக்கு இன்னா அண்ணா தெரியும்? நமக்கு துணிதான்" என்றான்.

வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. கடை எல்லாம் மாலை நாலு மணிக்குத்தான் திறக்கும். நேரம் போக வேண்டுமே என்று நாங்கள் முட்ரா என்ற பழைய கடைத்தெருவுக்குக் கிளம்பினோம். ஒரு டாக்ஸி நின்றது, ஏறிக்கொண்டோம். அது ஷேர் டாக்ஸி என்று தெரியாது. வழியில் ஒருவர் ஏறினார், அடுத்து இன்னொருவர் பெரிய மீனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு ஏறினார். மீனின் வால் என் மடியில். நாங்கள் இறங்க வேண்டிய இடத்தைச் சொல்ல எனக்குக் கூச்சம். மீன்காரர் இறங்கிய இடத்தில்தான் இறங்கினோம். அங்கிருந்து கடற்கரை ஓரமாக வெயிலில் நடந்தோம். துறைமுகத்தில் கப்பல்கள் நின்றன. ஜெயா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கடைத்தெருவில் சாம்பிராணி வாசனை. ஒரு தொப்பிக் கடை முன்னால் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர் ஒருவரும், அவருடன் ஒரு இளம்பெண்ணும் நின்றார்கள். கழுத்தில் நீல நாடாவில் அட்டை தொங்கியது. பேச்சுக்கு வந்தவர்களுக்கு நீல நாடா என்று பாபு சொல்லியிருந்தான். அந்தப் பெண் மொழிபெயர்ப்பாளர். கடைக்காரர் ஒரு விலை சொன்னார், அந்தப் பெண் அதைச் சொன்னாள், அவர் பாதி விலை சொன்னார், அந்தப் பெண் அதைத் திருப்பிச் சொன்னாள். கடைக்காரருக்கு ஆங்கிலம் நன்றாகவே வந்தது. இருந்தாலும் அந்தப் பெண் வழியாகத்தான் பேசினார்கள். கால் மணி நேரம் போனது. கடைசியில் தொப்பியை வைத்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று நகர்ந்தார்.

"தொப்பிக்கே இந்தப் பாடு" என்றாள் ஜெயா. சொல்லிவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். குனிந்து கேட்டார். ஜெயா துறைமுகத்தின் பெயரைச் சொன்னாள். அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் அவரைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண் போனில் வரைபடத்தைத் திறந்து தேடினாள். ஜெயாவே தன் விரலால் இடத்தைக் காட்டிக் கொடுத்தாள். அவர் நெஞ்சில் கை வைத்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

"என்ன சொன்னார்?"

"நம்பிக்கையோட இருக்கோம்னு சொன்னார்."

"கப்பலைப் பத்தி?"

"அதான் அண்ணா. அந்த ஊர் எங்க இருக்குன்னே அவருக்குத் தெரியல. அப்புறம் என்னத்துல நம்பிக்கை?" சொல்லிவிட்டு டாக்ஸி பிடிக்க முன்னால் நடந்தாள்.

பாபு துணியோடு மனுவையும் ஓட்டலுக்குள் கொண்டுபோவதாகச் சொல்லியிருந்தான், அதை அடிக்க ஐந்தரைக்கு ரூவியில் ஒரு டைப்பிங் கடைக்குப் போனோம். அந்த ஊரில் தெருவுக்கு நாலு டைப்பிங் கடை. விசா, வாடகை ஒப்பந்தம், போலீஸ் புகார், எல்லாவற்றையும் அங்கேதான் எழுதுகிறார்கள். வெளியே நாற்காலியில் கவலையோடு ஆட்கள் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஊரை விட்டு வந்த பிறகு முதல்முறையாக எனக்குக் கையும் காலும் சாதாரணமாக இருந்தன. நடத்துகிறவர் நாசர், மலையாளி, தமிழ் தெரிந்தவர். நானும் இதே தொழில் என்றதும் எழுந்து தன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார். எங்களுக்கு ஏ.சி. கிடையாது என்றேன். அவர் வருத்தப்பட்டார்.

"பெறுநர் யாரு?" என்று கேட்டார்.

அதுதான் சிக்கல். மனுவில் ஒருவர் பெறுநர், மற்றவருக்கு நகல். ஒரு நாட்டைப் பெறுநர் ஆக்கினால் இன்னொரு நாடு நகல் ஆகிவிடும். நகல் பெற்றவர் ஒரு வேலையும் செய்ய மாட்டார், அது எனக்குத் தாலுகா அலுவலகத்திலேயே தெரியும். கொடி இரண்டு விரற்கடை உயர்ந்ததற்கு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தவர்கள் நகலைத் தொடுவார்களா?

நாசர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி யோசித்தார். "இரண்டு நாட்டுக்காரங்க கையெழுத்து போடுற தாளுக்கு நான் ஒரு தடவை டைப் அடிச்சிருக்கேன். கம்பெனி ஒப்பந்தம்தான். ரெண்டு அசல். ஒவ்வொருத்தருக்கும் போற தாள்ல அவங்க பேர் முதல்ல வரும். நாமளும் அப்படியே அடிப்போம். நகல்னு ஒரு வார்த்தையே வேண்டாம்."

இருபத்தாறு வருடத்தில் எனக்கு இது தோன்றியதில்லை. அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்கெல்லாம் எத்தனை உபயோகமாக இருந்திருக்கும்.

அடுத்து, என்ன கேட்பது. ஜெயா கப்பலை விடச் சொல்லிக் கேள் என்றாள். நான் முதல்முறையாக அவள் பேச்சை மறுத்தேன். ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான் இருக்க வேண்டும், அதுவும் கையில் வாங்குகிற ஆளால் செய்ய முடிந்ததாக இருக்க வேண்டும். சண்டையை நிறுத்து, கடலைத் திற என்று கேட்டால் அது மேலிடத்துக்குப் போகும், போனது திரும்பாது. ஒரு நாள், ஒரு சாலை என்றால் யாராவது ஒரு குமாஸ்தா போனை எடுத்துச் சொல்லிவிடலாம்.

"அப்போ அவரை பஸ்ல ஏத்தறதுன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

"இல்ல. ஏறினா, அதுக்கு."

"கப்பல் கிளம்பிடும் அண்ணா. மூணு நாள் உக்கார்ந்து பேசறாங்க. சும்மாவா பேசுவாங்க?" என்றாள். ஆனால் எழுதுவதைத் தடுக்கவில்லை.

நான் தமிழில் சொன்னேன், ஜெயா ஆங்கிலத்தில் சொன்னாள், நாசர் அடித்தார். ஐயா, வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி முதல் மாலை ஐந்து மணி வரை, கீழே குறிப்பிட்ட சாலையில் கப்பல் ஊழியர்கள் ஒரு பஸ்ஸில் செல்கிறார்கள். அவர்களில் என் கணவர் ஒருவர். அவர் சமையல்காரர். அந்த நேரத்தில் அந்தச் சாலையில் குண்டு போடாமல் இருக்குமாறு தங்களை மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு என்று ஜெயா கையெழுத்துப் போட்டாள். நாசர் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

ஒப்புகைச் சீட்டு இல்லாத மனு வெறும் தாள். அதையும் பாபுவிடம் சொல்லி, இரண்டு அசலோடு முத்திரை வாங்கத் தனியாக இரண்டு நகலும் கொடுத்திருந்தேன். சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவன் திரும்பி வந்து இரண்டு தாள்களை மேசையில் வைத்தான். நான் கொடுத்த நகல்கள். இரண்டிலும் ஊதா நிறத்தில் முத்திரை. பெறப்பட்டது, நேரம் எட்டு நாற்பது.

"யார் வாங்கினாங்க?" என்றேன்.

"துணி வாங்கற செக்சன் அண்ணா. டெலிவரி சீட்டோட சேத்து நீட்டினேன். அவன் பாக்காம குத்திகினே வந்தான். இதுலயும் குத்திட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் பாத்துட்டான். இன்னாடா இதுன்னான். பிலிப்பைன்ஸ்காரன், நல்லவன். கதையச் சொன்னேன். அவன் தம்பியும் கப்பல்லதான் கீறானாம். அசல் ரெண்டையும் எடுத்துகினு, மேல காபி போவசொல்லோ ட்ரேல வெக்கிறேன்னான்."

"வெச்சானா?"

"நான் வண்டிய எடுத்துட்டேன் அண்ணா. கேட்ல நிக்க வுடமாட்டான்."

படுக்கை விரிப்பு வாங்கும் முத்திரை ஒப்புகை ஆகுமா? எங்கள் ஊரில் தபால் பிரிவு முத்திரை தவிர வேறு எதுவும் செல்லாது. ஆனால் ஜெயா அதைப் போட்டோ எடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்பிவிட்டாள். மனு கொடுத்தாச்சு, வாங்கிட்டாங்க என்று. அவர் கேப்டனிடம் காட்டினாராம். கேப்டன் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாராம்.

மூன்று மணிக்குப் பேச்சு முடிந்தது. டீக்கடை டிவியில் இரண்டு நாட்டுக்காரர்களும் கை குலுக்கினார்கள். தொப்பி வாங்காத ஆள் பின்வரிசையில் நின்றார். கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பாபு இனிப்பு வாங்கப் போய்விட்டான். ஜெயாவின் முகம் பதினான்கு மாதத்துக்குப் பிறகு மலர்ந்ததைப் பார்த்தேன்.

"கப்பல் கிளம்பிடும் அண்ணா. பார்த்தியா?"

"அறிக்கை விட்டிருப்பாங்க. அதைப் படி" என்றேன்.

போனில் எடுத்துப் படித்தாள். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். பேச்சு பயனுள்ளதாக இருந்தது. இரு தரப்பும் தத்தம் கவலைகளை வெளிப்படையாகப் பகிர்ந்துகொண்டன. கப்பல் போக்குவரத்து உட்பட அனைத்து விஷயங்களும் பரிசீலிக்கப்படும். இரு தரப்புக்கும் வசதியான தேதியில் மீண்டும் சந்திப்பார்கள். விருந்தோம்பலுக்கு நன்றி.

"இன்னொரு தடவை படி."

படித்தாள். எனக்கு உலக விஷயம் தெரியாது. அந்த நாடுகள் ஏன் சண்டை போடுகின்றன என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். ஆனால் அரசாங்கப் பதில் கடிதம் எத்தனையோ பேர் என் மேசையில் கொண்டுவந்து கொடுத்து, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறார்கள். தருவதாக இருந்தால் தேதி போடுவார்கள். மறுப்பதாக இருந்தால் காரணம் எழுதுவார்கள், அதை வைத்து மேல்முறையீடு செய்யலாம். தேதியும் இல்லாமல் காரணமும் இல்லாமல் பரிசீலிக்கப்படும் என்று வந்தால், அந்தக் கோப்பு அலமாரிக்குப் போய்விட்டது. அதைக் கொண்டுவந்தவர்களிடம் நான் என்ன சொல்வேன் என்றால், காத்திருக்காதீர்கள், வேறு வழி பாருங்கள்.

"ஜெயா, அவரை பஸ்ல ஏறச் சொல்லு."

அவள் போனைக் கீழே வைத்தாள். "டிவில கை குலுக்கறாங்க. நீயும் பார்த்தே."

"தேதி இல்ல, ஜெயா."

"உனக்கு எல்லாமே தாலுகா ஆபீஸ்தானா? இது வாரிசுச் சான்றிதழா? ரோட்டுல குண்டு விழுது அண்ணா. ஏறச் சொல்லி ஏதாவது ஆச்சுன்னா நீ என் மூஞ்சில முழிப்பியா?"

மாட்டேன் என்று எனக்குத் தெரியும். பாபு அல்வாப் பெட்டியோடு வந்து, எங்கள் இருவரையும் பார்த்து, அதைத் திறக்காமலே மேசையில் வைத்தான்.

"இன்னா அண்ணி?"

"அண்ணன் அவரை பஸ்ல ஏத்துங்கறாரு."

"இன்னா அண்ணா நீ. சண்ட முடிஞ்சிபோச்சின்னு டிவில சொல்றான்."

"அப்படி ஒரு வரி அதுல இல்ல, பாபு" என்றேன்.

ஜெயா போனை எடுத்து மறுபடி முதலிலிருந்து படித்தாள், இந்தத் தடவை தனக்குள். பிறகு கீழிருந்து மேலே படித்தாள். ஐந்தரை மணி ஆனது. அவளே கப்பலுக்குப் போன் போட்டாள். லைன் கிடைத்ததும் பேசாமல் என் கையில் கொடுத்தாள். மாப்பிள்ளையிடம் நான் வாழ்நாளில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

"சொல்லுங்க மச்சான்" என்றார். பின்னால் பாத்திரம் வைக்கும் சத்தம்.

"ஏறிடுங்க மாப்பிள்ளை."

"இங்க எல்லாரும் கப்பல் கிளம்பிடும்னு சொல்றாங்களே."

"அவங்க எழுதினதைப் படிச்சேன். எனக்கு அப்படித் தெரியல."

"நிச்சயமா, மச்சான்?"

"நிச்சயம் இல்ல" என்றேன். அதைத் தவிர வேறு சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"சரி. பேரு குடுத்துடறேன். ஜெயாகிட்ட சொல்லிடுங்க" என்று வைத்துவிட்டார்.

ஜெயா பக்கத்தில்தான் இருந்தாள். இருந்தும் நான் சொன்னேன், பேர் கொடுத்துடறாராம் என்று. அவள் தலையாட்டினாள். அல்வாவை அன்று யாரும் திறக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பஸ் ஏழு மணிக்குப் பதில் எட்டரைக்குக் கிளம்பியது, ஒன்பது பேர் ஏறினார்கள். மாலை ஐந்தேகாலுக்கு மாப்பிள்ளை எல்லையைத் தாண்டிப் போன் செய்தார். வழியில் அந்தச் சாலையில் குண்டு எதுவும் விழவில்லை என்றார். முந்தின நாள் மூன்று விழுந்ததாம்.